மாமாவைப் பார்த்துப் பேசுங்க அத்தை

போன வாரம் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்ட் எதிரில் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். பின்னாலிருந்து தோளில் ஒரு கை விழுந்தது. திரும்பினால், திருக்கோவிலூரில் உரக்கடை வைத்திருக்கும் நண்பர். பார்த்துப் பல மாதமாகிறது. நலம் விசாரித்தார். சர்க்கரை இல்லாமல் ஒரு டீ சொன்னார். அப்புறம் மெல்ல விஷயத்துக்கு வந்தார்.

"சார், உங்க பொண்ணு சமாதானம் பண்றதுக்குன்னே வடக்க போயி எம்.ஏ. படிச்சிக்கினு இருக்குதாமே... மெய்யாலுமா?"

"ஆமாம்."

"எங்க பங்காளிங்களுக்குள்ள ஒரு வரப்புத் தகராறு சார். பேச்சுவார்த்தையே கெடையாது. பாப்பா லீவுல வந்தா ஒரு நாளு அனுப்பி வைங்களேன். ரெண்டு பேரையும் ஒக்கார வெச்சி, மனசு வுட்டுப் பேச வெச்சா..."

"வேண்டவே வேண்டாம்!" என்றேன்.

கத்திவிட்டேன் போலிருக்கிறது. டீ மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். நண்பர் முகம் சுண்டிப் போனது. பாவம், அவர் என்ன கேட்டுவிட்டார்? "பேசாம இருக்காங்கன்னா பேசாமலே இருக்கட்டுங்க. தயவுசெஞ்சி விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு, பாதி டீயை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு என் மகள் கயலைத் தெரியும். ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொண்டு எங்கள் தெரு குப்பைத்தொட்டியைச் சாய்த்தவள். அவள்தான். 'அமைதி மற்றும் மோதல் தீர்வு' என்று ஒரு முதுகலைப் படிப்பு. அட்மிஷன் கிடைத்த அன்று எங்கள் தெருவே வந்து விசாரித்தது. "அமைதியா இருக்கறதுக்கு ரெண்டு வருஷம் படிக்கணுமா?" என்றார் எதிர்வீட்டுக்காரர். இன்னொருவர், "கட்டப்பஞ்சாயத்துக்கு சர்ட்டிபிகேட் குடுக்கறாங்களா?" என்று கேட்டார். நான் விடுவேனா? நாடுகளுக்கு நடுவே நடக்கும் பேச்சுவார்த்தை, ஜாதிக் கலவரம் நடந்த ஊரில் பீஸ் கமிட்டி — என்னவெல்லாமோ சொல்லி அவர்கள் வாயை அடைத்தேன். பெருமைதான். ஏன் மறைக்க வேண்டும்? இந்த உலகத்தில் சண்டையைத் தீர்க்க என்று ஒருத்தி கிளம்பியிருக்கிறாள், அது என் பெண் என்ற பெருமை.

கடைசி செமஸ்டரில் ஆய்வேடு எழுத வேண்டும். ஒரு நிஜமான மோதலை எடுத்துக்கொண்டு, ஆராய்ந்து, முடிந்தால் தீர்வுக்கு முயன்று பார்த்து எழுத வேண்டுமாம். கயல் ஊருக்கு வந்தாள். நேராகக் கல்வராயன் மலைக்குப் பஸ் ஏறினாள்.

மலையில் அவளுக்கு ராஜ மரியாதை. உட்காரப் பாய் போட்டார்கள். பலாச்சுளை கொடுத்தார்கள், தேன் கொடுத்தார்கள். சண்டை மட்டும் கொடுக்கவில்லை. "இங்க சண்டையா? அப்பிடி ஒண்ணும் இல்லியேம்மா" என்று எல்லா வீட்டிலும் ஒரே பதில். சொல்லிக்கொண்டிருக்கும்போதே இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்களாம். அவர்கள் யாரென்று இவள் கேட்டால், "இன்னொரு சுளை சாப்புடு" என்றார்களாம்! அன்று இதைச் சொல்லி வீட்டில் சிரித்தோம். மலைக்காரர்கள் விவரமானவர்கள் என்று இப்போதுதான் புரிகிறது.

மலைக்குப் போய்வருகிற பஸ் வடக்கனந்தலைத் தொட்டுக்கொண்டுதான் வரும். அங்கே பக்கத்துக் கிராமத்தில்தான் என் மனைவி சரசுவின் பிறந்த வீடு. மலை கைவிட்ட பிறகு கயல் அங்கே இறங்கினாள். மாமா வீட்டில் சில நாள் தங்கப்போனவளுக்குக் கொல்லைப்புறத்திலேயே ஒரு மோதல் கிடைத்தது.

விவரம் சொல்கிறேன். சரசுவுக்கு ஓர் அண்ணன், ஒரு தம்பி. அண்ணன் ஏழுமலை. தம்பி சக்திவேல் இப்போது இல்லை. தம்பியின் மனைவி அஞ்சலாட்சி தனியாக இருக்கிறாள். ஒரே மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறான், ஒண்டிக்குடித்தன அறையில் நண்பர்களோடு இருக்கிறான். அஞ்சலாட்சிக்கு இங்கே இருப்பது இரண்டு ஏக்கர் கரும்பு, ஒரு செவலைப் பசு, ஏழுமலை வீட்டை ஒட்டினாற்போல ஒரு வீடு. அந்த நிலத்தில் கால் வைக்காமல் அவளுக்குப் பொழுது விடியாது. மகன் எத்தனை முறை கூப்பிட்டும் திருப்பூர் போகாதவள்.

இரண்டு குடும்பத்துக்கும் பொதுவாக ஒரே கிணறு, ஒரே மோட்டார். முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சிக்கொள்வார்கள். மும்முனை மின்சாரம் ஒரு வாரம் பகலில் வரும், ஒரு வாரம் விடியக்கருக்கலில் வரும். சக்திவேலுக்குக் காய்ச்சலாக இருந்த சமயம், அவன் முறை விடியக்கருக்கலில் விழுந்தது. "ஒரு நாள் மட்டும் மாத்திக்கலாமாண்ணா?" என்று கேட்டான். ஏழுமலை, "முறைன்னா முறைதான்டா" என்று சொல்லிவிட்டார். தப்பான மனுஷர் இல்லை. கண்டிப்பான மனுஷர். சக்திவேல் காய்ச்சலோடு போனான். மோட்டார் ரூம் வாசலில் கண்ணாடிவிரியன் கடித்துவிட்டது. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தும் பலனில்லை.

அன்றிலிருந்து ஏழுமலையும் அஞ்சலாட்சியும் பேசிக்கொள்வதில்லை. பத்து வருடம் ஆகிறது.

பேச்சு இல்லையே தவிர... அந்த வீடுகளில் நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

நம் ஊரில் ஜாடை பேசுவது என்று ஒன்று உண்டு அல்லவா? மாமியாரைத் திட்ட பூனையைத் திட்டுவது. அங்கே அந்த ஜாடையில்தான் விவசாயமே நடந்தது. ஏழுமலை மச்சான் காலையில் பல் விளக்கிக்கொண்டே வேலியோரம் வருவார். வேலிக்கு அந்தப் பக்கம் அஞ்சலாட்சியின் செவலை கட்டியிருக்கும். அதைப் பார்த்துச் சொல்வார்: "இன்னா செவல, வர்ற வாரம் கரண்டு விடியகாலைலதான் வருதாம். மேலண்ட வாய்க்கா தூந்து போயி கெடக்குது. அத்த வழிச்சி வுட்டாத்தான் தண்ணி ஏறும்."

செவலை அசைபோடும். உள்ளேயிருந்து அஞ்சலாட்சி கோழியை விரட்டுவாள்: "தே... வாய்க்கா நேத்தே வழிச்சாச்சி. பொட்டாஷ் வெக்கணும், அது எங்க கம்மி வெலைக்குக் கெடைக்கும்னுதான் தெரியல. நீயி கத்திக்கினே இரு!"

மறுநாள் பொட்டாஷ் மூட்டை ஒன்று வேலியோரம் கிடக்கும். அதற்கான பணம் அதே இடத்தில் கல்லுக்கு அடியில் இருக்கும். ஒருமுறை அஞ்சலாட்சிக்குக் காய்ச்சல். வெளியே தலை காட்டவில்லை. மச்சான் செவலையிடம் போய் நின்றார். "ஒடம்பு சரியில்லன்னா ஆஸ்பத்திரிக்கிப் போவணும் செவல. வீம்பு புடிச்சிக்கினு படுத்துக் கெடக்கக் கூடாது. ஆட்டோக்காரன் வாசல்ல நிக்கறான்." ஆட்டோ நிஜமாகவே நின்றுகொண்டிருந்தது. அஞ்சலாட்சி ஏறிப் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தாள். இருவரும் முகம் பார்த்துக்கொள்ளவில்லை.

இன்னொன்றும் உண்டு. அதுதான் எல்லாவற்றிலும் பெரியது. அஞ்சலாட்சியின் முறை விடியக்கருக்கலில் வந்தால், அவள் வெளிச்சம் வந்த பிறகுதான் வயலுக்குப் போவாள். போய்ப் பார்த்தால் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும். வால்வு அவள் பக்கம் திருப்பியிருக்கும். மடை மாற்றி, தண்ணீர் அவள் கரும்புக்குப் பாய்ந்துகொண்டிருக்கும். யார் செய்தது என்று அவள் கேட்டதில்லை. தான்தான் என்று அவரும் சொன்னதில்லை. சக்திவேல் இறந்த மாதத்திலிருந்தே அப்படித்தான். சரசு இதை என்னிடம் ஒரே ஒரு முறை சொன்னாள். சொல்லிவிட்டு, "நீங்க அங்க போயி இத்தப் பத்தி வாயத் தொறக்காதீங்க" என்றாள்.

கயல் ஒரு வாரம் உட்கார்ந்து இதையெல்லாம் கவனித்தாள். போனில் எனக்குச் சொல்லிச் சிரித்தாள். "அப்பா, கம்யூனிகேஷன் சேனல்னு படிவத்துல ஒரு கட்டம் இருக்கு. அதுல 'பசு மாடு'ன்னு போட்டிருக்கேன்!" நானும் சிரித்தேன். அப்புறம் அவள் குரல் மாறியது.

"ஆனா இது பாவம்ப்பா. இதுக்கு எங்க பாடத்துல நெகட்டிவ் பீஸ்னு பேரு. அடிதடி இல்ல, அவ்வளவுதான். அத்தை மனசுல இருக்கறத பத்து வருஷமா சொல்லல. மாமாவும் சொல்லல. ரெண்டு பேரும் நல்லவங்க. ஒரே ஒரு தடவ நேருக்கு நேரா உக்காந்து பேசிட்டா போதும்ப்பா."

சரசு கேட்டுக்கொண்டிருந்தாள். போனை வாங்கினாள். "ஏண்டி, ஓடற தண்ணி ஓடிக்கினுதான இருக்குது? வுட்டுத் தொலயேன்" என்றாள்.

"அம்மா, அத்தை ராத்திரியெல்லாம் தூங்கறதில்லம்மா. உனக்குத் தெரியுமா?"

எனக்குக் கயல் சொல்வதுதான் நியாயமாகப் பட்டது. உங்களுக்கும் பட்டிருக்கும். மனதில் ஒரு முள் இருக்கிறது, எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்றுதானே யாரும் நினைப்போம்?

இரண்டு பேரிடமும் தனித்தனியாகப் பேசி, சம்மதம் வாங்கிவிட்டாள். எப்படி வாங்கினாள் என்று எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். மச்சான், "கொழந்த படிப்புக்கு ஒதவுதுன்னா வரேன்" என்றாராம். அஞ்சலாட்சியும் கிட்டத்தட்ட அதையேதான் சொல்லியிருக்கிறாள். "நம்ம பொண்ணு பாஸாவணும்ல?" பாருங்கள், அப்போதுகூட இரண்டு பேரும் நேராகத் தங்களுக்காக வரவில்லை. கயலைச் சாக்காக வைத்துக்கொண்டு வந்தார்கள். அதுவும் ஒரு ஜாடைதான். அது அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் அப்போது உறைக்கவில்லை.

நடுநிலையான இடம் வேண்டும் என்று எங்கள் வீட்டைத் தேர்ந்தெடுத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மச்சான் பைக்கில் வந்தார். அஞ்சலாட்சி அதே ரோட்டில் பஸ்ஸில் வந்தாள். சரசு விடிந்ததிலிருந்து சமையல். அண்ணனும் தம்பி பெண்டாட்டியும் ஒரே வீட்டில் ஒரே நாளில் சாப்பிடப் போகிறார்கள் என்று வடை, பாயசம் வரைக்கும் போய்விட்டாள். வேண்டாம் என்று தடுத்தவள்தான். ஆனாலும் ஆசை விடுமா?

ஹாலில் வட்டமாகப் பாய் போட்டு உட்கார்ந்தோம். கயல் விதிகளைச் சொன்னாள். அவள் கையிலிருந்த பேனா யாரிடம் இருக்கிறதோ அவர் மட்டுமே பேச வேண்டும். மற்றவர் குறுக்கே பேசக்கூடாது. 'நீ இப்படிச் செய்தாய்' என்று சொல்லாமல், 'எனக்கு இப்படி இருந்தது' என்று சொல்ல வேண்டும். ஒருவர் பேசி முடித்ததும், மற்றவர் தான் கேட்டதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். அப்போதுதான் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டோம் என்று அர்த்தம்.

மச்சான் பேனாவை வாங்கி, பிரசாதம்போல இரண்டு கையிலும் வைத்துக்கொண்டார். "இன்னா பேசறது?" என்று என்னைக் கேட்டார். பேனா அஞ்சலாட்சியிடம் போனது. அவள் கிணற்றில் தூர் வாருவது பற்றி ஏதோ சொன்னாள். பைப் மாற்ற வேண்டும் என்றாள். மச்சான் அதைத் திருப்பிச் சொன்னார். கயல் முகத்தில் வெளிச்சம். எனக்கும்தான். அடடா, நடந்துவிடும் போலிருக்கிறதே!

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். தூரும் பைப்பும் பேசிவிட்டு இலை போட்டிருக்கலாம்.

"அத்தை, சின்ன மாமா போன அன்னிக்கு... உங்க மனசுல இருந்தத இதுவரைக்கும் யாருகிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?" என்று கயல் மெதுவாகக் கேட்டாள்.

அஞ்சலாட்சி பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதனிடம்தான் பேச ஆரம்பித்தாள். "அவருக்கு ஒடம்பு அனலா கொதிச்சுது... போவாதீங்கன்னு சொன்னேன்... தண்ணி வுடலன்னா பயிரு போயிடும்னாரு..." பேனாவிடம் சொல்லிக்கொண்டே போனாள். அது ஜாடை. செவலையின் இடத்தில் பேனா இருந்தது, அவ்வளவுதான். அப்படியே சொல்லி முடித்திருந்தால் மச்சானும் தரையைப் பார்த்தபடி கேட்டு முடித்திருப்பார்.

என் மகள் அப்போது சொன்னாள். அன்பாகத்தான் சொன்னாள். பாடத்தில் இருந்ததைத்தான் சொன்னாள்.

"மாமாவைப் பார்த்துப் பேசுங்க அத்தை."

அஞ்சலாட்சி நிமிர்ந்தாள். பத்து வருடத்துக்குப் பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். அதற்குமேல் அவளால் நிறுத்த முடியவில்லை.

"ஒரு நாளு... ஒரே ஒரு நாளு நீங்க முறைய மாத்திக் குடுத்திருந்தீங்கன்னா, எங்க வூட்டுக்காரு இன்னிக்கு உசுரோட இருந்திருப்பாரு. உங்களாலதான் செத்தாரு."

சமையலறை வாசலில் சரசு கரண்டியோடு நின்றாள். நான் கயலைப் பார்த்தேன். போதும், நிறுத்து என்று கண்ணால் சொன்னேன். அவள் கவனிக்கவில்லை. அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. இதுதான் அந்தத் தருணம், பத்து வருடமாக அடைத்துக்கொண்டிருந்தது வெளியே வந்துவிட்டது, இனி நல்லதுதான் நடக்கும் என்று நம்பினாள். பேனாவை வாங்கி மச்சானிடம் கொடுத்தாள்.

"மாமா... அத்தை சொன்னத உங்க வார்த்தைல திருப்பிச் சொல்லுங்க."

ஐயோ.

மச்சான் பேனாவைப் பிடித்துக்கொண்டார். கண்டிப்பான மனுஷர் என்று சொன்னேனே, ஒப்புக்கொண்ட விதியை மீறமாட்டார். "நான்தான் என் தம்பியக் கொன்னேன்னு... அது சொல்லுது" என்றார்.

அவர் குரல் எழும்பியது. "அப்போ இத்தினி வருசமா அப்பிடி நெனச்சிக்கினுதான் இருந்திச்சா? நெனச்சிக்கினேதான் நான் மாத்தி வுட்ட தண்ணிய வாங்கிக்கினு இருந்திச்சா?"

"தண்ணி இன்னா உங்க வூட்டுதா? பொதுக் கெணத்துத் தண்ணி!" என்றாள் அஞ்சலாட்சி.

மச்சான் எழுந்தார். பேனாவைக் கயல் கையில் கொடுத்தார். ஜன்னலோரம் இருந்த சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சரசு வாசல் வரைக்கும் ஓடினாள். "அண்ணா, சாப்ட்டுட்டுப் போண்ணா... அண்ணா..." பைக் சத்தம் தெருமுனை தாண்டிவிட்டது. கொஞ்ச நேரத்தில் அஞ்சலாட்சியும் கிளம்பிவிட்டாள். பாயசத்தை நாங்கள் மூன்று பேரும் தொடவில்லை.

அஞ்சலாட்சியின் அடுத்த தண்ணீர் முறை விடியக்கருக்கலில் வந்தது. வெளிச்சம் வந்த பிறகு வயலுக்குப் போனாள். மோட்டார் ஓடவில்லை.

சரசு கெஞ்சியதால் மச்சானைப் பார்க்கப் போனேன். மனுஷர் பாதியாக இளைத்திருந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"முன்னல்லாம் போயி போடுவேன் மாப்ள. ஏன் போடறேன்னு யாரும் கேக்கல, நானும் யோசிக்கல. இப்ப போட்டேன்னு வெய்யி... செஞ்ச கொலைக்குக் கூலி வேல பாக்கறான்னு ஆயிடும். போடலன்னா, பார்றா, கொன்னவன் புத்தி அதான்னு ஆயிடும். எப்பிடிப் போனாலும் அங்கதான் மாப்ள வந்து நிக்கறேன். காலைல முழிப்பு மட்டும் வந்துடுது. எந்திரிச்சி ஒக்காந்துக்கினு இருக்கேன்."

கயலின் பாடத்தில் இதற்கும் ஏதாவது ஒரு பேர் இருக்கும். எனக்குத் தெரியவில்லை. அவர் தோளைத் தொட்டுவிட்டு வந்தேன்.

வேலியைத் தாண்டி அஞ்சலாட்சி வீட்டுக்குப் போனேன். அவர் பார்த்துக்கொண்டிருக்க, நான் அங்கே போவதே எனக்குக் கூச்சமாக இருந்தது. "வாங்கண்ணா" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டாள். வளர்ந்த கரும்பு மஞ்சள் பூத்துக்கொண்டிருந்ததை வரும் வழியிலேயே பார்த்திருந்தேன். "நீயாவது போய்ப் போட்டுக்கலாமேம்மா?" என்றேன்.

"டார்ச் எடுத்துக்கினு போனேண்ணா. மோட்டார் ரூம் வரைக்கும் போனேன். அந்த வாசப்படில காலு வெக்க முடியல. திரும்பிட்டேன்."

"மச்சான்கிட்ட நான் பேசட்டுமா? அவரு போடுவாரு. அவரு மனசு..."

"போடுவாருண்ணா. நீங்க சொன்னா போடுவாரு. நான் எப்பிடி வாங்கறது? மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டனே. சொல்லாம இருந்த வரைக்கும் வாங்கிக்கினேன். கொன்னவன்னு சொல்லிட்டு அவரு கையால வாங்கினா, நான் இன்னா மனுசி?"

இதற்கு யாராவது ஒரு பதில் சொல்லுங்கள் பார்க்கலாம்! நான் பல வருடமாக இந்தப் பக்கத்தில் உங்களுக்கு எல்லாவற்றுக்கும் யோசனை சொல்லிக்கொண்டிருக்கிறேன். மருமகளிடம் எப்படிப் பேசுவது, கடன்காரனை எப்படிச் சமாளிப்பது... இதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. அவளைத் தவறு என்று சொல்ல முடியுமா? அவர்தான் தவறா? சரி, என் பெண்ணைச் சொல்லலாமா? பத்து வருடம் தூக்கமில்லாமல் ஒருத்தி ஒரு வாக்கியத்தை விழுங்கிக்கொண்டு கிடந்தாளே, அதை அப்படியே விட்டிருக்க வேண்டுமா? அதுவும் நியாயமில்லை. ஆனால் சொல்லாமல் விட்ட அந்த வாக்கியத்தின் மேல்தான் இரண்டு வீடும் நின்றுகொண்டிருந்தன. எடுத்ததும் இரண்டும் சாய்ந்துவிட்டன. எந்தப் பக்கம் யோசித்தாலும் மனசு ஆறவில்லை.

பேசிக்கொண்டிருக்கும்போது அஞ்சலாட்சி செவலைக்குச் சோளத்தட்டு அள்ளிப் போட்டாள். அதன் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "முன்னல்லாம் இதுங்கிட்ட பேசினா ஒரு பதிலு வரும்ணா. இப்ப மாட்டுகிட்ட பேசினா... மாட்டுகிட்டதான் பேசற மாதிரி இருக்குது."

நான் எழுந்துவிட்டேன். அதற்குமேல் அங்கே உட்கார முடியவில்லை.

கயல் இரண்டு வீட்டுக்கும் போய் மன்னிப்புக் கேட்டாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. மச்சான் அவளுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார். அஞ்சலாட்சி காபி போட்டுக் கொடுத்து, "நீ இன்னா கண்ணு பண்ணுவ? நல்லதுக்குத்தான கேட்ட" என்று தலையை வருடினாளாம். வீட்டுக்கு வந்து கயல் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். சரசு வெளியே நின்று கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள். ஆய்வை வேறு தலைப்புக்கு மாற்ற முடியுமா என்று கயல் கேட்டுப் பார்த்தாள். நேரம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நடந்ததை நடந்தபடியே எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

காய்ந்தது போக மிச்சக் கரும்பை ஆலைக்கு வெட்டிக் கொடுத்தாயிற்று. நிலத்தைக் குத்தகைக்கு விட ஆள் பார்த்துவிட்டார்கள். செவலையைப் போன சனிக்கிழமை சின்னசேலத்துக்காரர் ஒருவர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். அஞ்சலாட்சி திருப்பூர் போகிறாள். மகன் ஒண்டிக்குடித்தனத்தில் தனி அறை பிடித்துவிட்டான். அவளுக்குப் பனியனில் குறை பார்க்கும் செக்கிங் வேலை சொல்லி வைத்திருக்கிறானாம். பையில் துணி அடுக்கும்போது சரசு போயிருந்தாள். அஞ்சலாட்சி பேசிக்கொண்டுதான் இருந்தாளாம். வயலைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. மச்சான் பகல் முழுக்க வெளியே வரவில்லையாம்.

முந்தாநாள் கயலுக்கு வைவா, வாய்மொழித் தேர்வு. கம்ப்யூட்டரில் வீடியோ கால் வழியாக நடந்தது. முடிந்ததும் எனக்குப் போன் செய்தாள். என்ன கேட்டார்கள் என்றேன்.

வெளிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் அவள் ஆய்வைப் புரட்டிக்கொண்டே கேட்டாராம். "உங்கள் முயற்சிக்கு முன்னால் இரண்டு தரப்பும் பேசிக்கொள்வதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சரியா?"

"ஆமாம் சார்."

"முயற்சிக்குப் பின்னால்?"

"பேசிக்கொள்வதில்லை சார்."

"அப்போ... நோ சேஞ்ச்?"

கயல் என்னென்னவோ சொல்ல நினைத்தாளாம். "எஸ் சார்" என்று சொல்லிவிட்டாள். அவர் குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

ஃபர்ஸ்ட் கிளாஸ்.